10-க்கு 6 போதுமா? ஆக்சுவரி தேர்வில் பார்டர் பாஸின் கணக்கு

ஆக்சுவரி தேர்வு எழுதுகிறவர்கள் மத்தியில் ஒரு கேலிப்பேச்சு உண்டு. 6 வாங்கிப் பாஸ் ஆனவர்தான் கெட்டிக்காரர், 9 வாங்கியவர் தேவைக்கு மேல் படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவர் என்பார்கள். இதில் பாதி உண்மை. மறுபாதியை நம்பிப் படிப்பைத் திட்டமிட்டால் பணமும் மாதங்களும் போகும். எது எந்தப் பாதி என்று தெரிய, அந்த 6 எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆயுள் காப்பீட்டுக்குப் பிரீமியம் எவ்வளவு வாங்கலாம், முப்பது ஆண்டு கழித்துக் கொடுக்க வேண்டிய ஓய்வூதியத்துக்கு இன்றைக்கு எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்கிறவர் ஆக்சுவரி. பட்டப்படிப்பு மட்டும் முடித்தால் ஆக்சுவரி ஆகிவிட முடியாது. தொழில்முறைச் சங்கம் நடத்தும் தேர்வுகளை ஒவ்வொன்றாகத் தேற வேண்டும். அமெரிக்காவில் சொசைட்டி ஆஃப் ஆக்சுவரீஸ், பொதுக் காப்பீட்டுக்கு 1914-ல் தொடங்கிய கேஷுவல்ட்டி ஆக்சுவரியல் சொசைட்டி. பிரிட்டனில் இன்ஸ்டிடியூட் அண்ட் ஃபேக்கல்ட்டி ஆஃப் ஆக்சுவரீஸ். இந்தியாவில் 2006-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆக்சுவரீஸ் ஆஃப் இந்தியா. எங்கே எழுதினாலும் எல்லாத் தாள்களையும் முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். பெரும்பாலோர் வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறார்கள். முதல் முயற்சியிலேயே எல்லாவற்றையும் தேறியவர்கள் அரிது.

6 என்ற எண் வருவது அமெரிக்க முறையில். ஆகவே அதையே எடுத்துக்கொள்வோம். அங்கே முதலில் எழுதுவது இரண்டு தாள்கள். நிகழ்தகவுக்கான 'பி' தாளில் 30 கேள்விகள், 3 மணி நேரம். நிதிக் கணிதத்துக்கான 'எஃப்எம்' தாளிலும் 30 கேள்விகள், இரண்டரை மணி நேரம். எல்லாமே ஐந்து விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கொள்குறி வினாக்கள். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். தேர்வு மையத்தில் கணினி முன் உட்கார்ந்து எழுதி முடித்ததும், தேறினீர்களா இல்லையா என்று திரையிலேயே தற்காலிக முடிவு வந்துவிடும். அதிகாரபூர்வ முடிவு வர வாரக்கணக்கில் ஆகும்.

6 என்பது 60 சதவீதம் இல்லை

0 முதல் 10 வரை ஓர் அளவுகோல். 6-ம் அதற்கு மேலும் பாஸ். 5-ம் அதற்குக் கீழும் ஃபெயில். பலரும் இதை '10-க்கு 6, அதாவது 60 சதவீதம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்த எண் உங்கள் மதிப்பெண்ணைச் சொல்வதில்லை. தேர்ச்சிக் கோட்டிலிருந்து நீங்கள் எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள் என்பதைச் சொல்கிறது. கோட்டைத் தொட்டாலோ சற்றே தாண்டினாலோ 6. கோட்டின் அளவில் 90 சதவீதத்துக்கு வந்தும் தொட முடியாமல் போனால் 5. பாதிகூட வரவில்லை என்றால் 0. ஆகவே 0 வாங்கியவர் ஒரு கேள்விக்கும் விடை தெரியாதவர் என்று அர்த்தமில்லை. 10 வாங்கியவர் எல்லாவற்றையும் சரியாகப் போட்டார் என்றும் அர்த்தமில்லை.

நம் பள்ளித் தேர்வில் 35 என்ற கோடு வருஷா வருஷம் மாறாது. இங்கே அப்படி இல்லை. ஒரே தேர்வுக்காலத்தில் வெவ்வேறு நாளில் எழுதுகிறவர்களுக்கு வெவ்வேறு கேள்விக் கட்டுகள் வரும். ஒன்று கொஞ்சம் கடினம், இன்னொன்று கொஞ்சம் எளிது. எல்லாருக்கும் ஒரே கோடு போட்டால் கடினமான கட்டு கிடைத்தவருக்கு அநியாயம். அதனால் கேள்வியின் கடினத்துக்கு ஏற்பக் கோடும் ஏறி இறங்கும். போதாததற்கு, எதிர்காலத் தேர்வுக்காகச் சோதித்துப் பார்க்கும் சில கேள்விகளையும் இடையில் கலந்து வைப்பார்கள். அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. எவை என்று எழுதுகிறவருக்குத் தெரியாது.

கோட்டை யார் போடுகிறார்கள்?

தொழில்முறைத் தேர்வுகளில் கோடு போடப் பரவலாகப் பயன்படும் வழி ஒன்று உண்டு. அமெரிக்காவின் எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் ஆங்காஃப் 1971-ல் எழுதிய ஒரு நீண்ட கட்டுரையின் அடிக்குறிப்பில் அதை விளக்கினார். இன்று உலகம் முழுக்க ஆங்காஃப் முறை என்று வழங்குகிறது. ஆங்காஃப் மட்டும் அந்த யோசனை தன்னுடையது இல்லை, சக ஆய்வாளர் லெட்யார்ட் டக்கருடையது என்றே சொல்லிவந்தார்.

முறை எளிமையானது. பாடம் தெரிந்த நிபுணர்கள் சிலரை உட்கார வைப்பார்கள். இந்தத் தொழிலுக்குப் போதுமான அறிவு உள்ளவர், ஆனால் அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லாதவர் என்று ஒரு தேர்வரை அவர்கள் மனதில் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்ட 100 பேர் எழுதினால் முதல் கேள்விக்கு எத்தனை பேர் சரியாக விடை எழுதுவார்கள்? இரண்டாவதற்கு? இப்படிக் கேள்விக்குக் கேள்வி மதிப்பிட்டுக் கூட்டிச் சராசரி எடுத்தால், அந்தக் கற்பனைத் தேர்வர் வாங்கக்கூடிய மொத்த மதிப்பெண் கிடைக்கும். அதுதான் தேர்ச்சிக் கோட்டுக்கு அடிப்படை.

பார்டர் பாஸ் வாங்கியவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை என்பது இங்கேயே தெரிகிறது. கோடு போட்டவர்கள் மனதில் வைத்திருந்ததே விளிம்பில் நிற்கும் ஆளைத்தான். அவருக்குப் போதுமான தகுதி உண்டு என்று அவர்களே தீர்மானித்துத்தான் கோட்டை அங்கே போட்டார்கள். 6 வாங்கியவரைக் கருணையால் உள்ளே விட்டதாகக் கருத இடமில்லை.

30 கேள்விகள் எவ்வளவு துல்லியம்?

கேலிப்பேச்சின் உண்மையான பாதி அது. ஆபத்தான பாதியைப் பார்க்க, அந்தத் தேர்வில் கேட்கும் கணக்கையே தேர்வின் மீது போட்டுப் பார்க்கலாம்.

பேச்சுக்காகச் சில அனுமானங்கள் வைத்துக்கொள்வோம். 30 கேள்விகளும் கணக்கில் சேரும், 21 சரியாக இருந்தால் பாஸ், ஒரு கேள்வியின் விடை இன்னொன்றைப் பாதிக்காது. ஒருவரின் பாட அறிவு, எந்தக் கேள்வியை எடுத்தாலும் சரியாகப் போட 70 சதவீத வாய்ப்பு உள்ள அளவு என்று வையுங்கள். சராசரியாக அவர் 21 வாங்குவார். சரியாகக் கோட்டின் மேல் நிற்கும் ஆள். அவர் பாஸ் ஆக வாய்ப்பு எவ்வளவு? ஈருறுப்புப் பரவலில் போட்டால் 59 சதவீதம் வரும். அதாவது, தகுதி உள்ளவர் என்று நிபுணர்கள் கருதும் அதே ஆள், பத்தில் நான்கு முறை ஃபெயில் ஆவார்.

வேறு இரண்டு பேரையும் பார்ப்போம். ஒவ்வொரு கேள்வியிலும் 60 சதவீத வாய்ப்பு உள்ளவர் பாஸ் ஆக 18 சதவீத வாய்ப்பு. 80 சதவீதம் உள்ளவருக்கு 94 சதவீதம்.

அறிவில் 10 சதவீதப் புள்ளி கூடினால், பாஸ் ஆகும் வாய்ப்பு 59-லிருந்து 94-க்குத் தாவுகிறது. இந்தத் தாவல்தான் முழுக் கதையும். 70 சதவீத அறிவோடு தேர்வு அறைக்குப் போவது ஏறக்குறைய நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது. 80 சதவீதத்தோடு போனால் அதிர்ஷ்டத்துக்கு அதிகம் வேலை இருக்காது.

அதிர்ஷ்டத்துக்கு இவ்வளவு இடம் இருக்கக் காரணம், கேள்விகளின் எண்ணிக்கை குறைவு என்பதே. 70 சதவீத ஆளுக்கு, சரியான விடைகளின் திட்டவிலக்கம் சுமார் இரண்டரைக் கேள்வி. ஒரு நாள் 19, இன்னொரு நாள் 23 என்று வருவது சாதாரணம். காய்கறிக் கடைத் தராசில் தங்கம் நிறுத்துப் பார்க்க முடியாது. 30 கேள்வித் தேர்வும் அப்படித்தான். 20 வாங்கி 5 என்று வந்தவருக்கும், 21 வாங்கி 6 என்று வந்தவருக்கும் அறிவில் வித்தியாசம் உண்டா என்று அந்தத் தேர்வால் சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் அடுத்த தாளுக்குப் போகிறார், மற்றவர் மறுபடி கட்டணம் கட்டுகிறார்.

கோட்டை உயர்த்தினால் சரியாகிவிடுமா?

தகுதி குறைந்தவர் தப்பித் தவறிப் பாஸ் ஆகிறாரே, கோட்டை 21-லிருந்து 23-க்கு ஏற்றிவிடலாமே என்று கேட்கலாம். ஏற்றினால் 60 சதவீத ஆள் பாஸ் ஆகும் வாய்ப்பு 18-லிருந்து 4 சதவீதத்துக்கு இறங்கும். நல்லதுதான். ஆனால் 80 சதவீத ஆளின் வாய்ப்பும் 94-லிருந்து 76-க்கு இறங்கிவிடும். நன்றாகப் படித்தவர்களில் நாலில் ஒருவர் காரணமில்லாமல் ஃபெயில் ஆவார். தகுதியற்றவரை உள்ளே விடுவது ஒரு பிழை, தகுதியுள்ளவரை வெளியே நிறுத்துவது இன்னொரு பிழை. கோட்டை நகர்த்தினால் ஒன்று குறையும், மற்றது கூடும். எங்கே வைத்தாலும் விளிம்பில் யாராவது நிற்பார்கள்.

இதே கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 60 சதவீத ஆள் கூடுதலாக எதுவும் படிக்காமல் மூன்று முறை எழுதினால், ஒரு முறையாவது பாஸ் ஆகும் வாய்ப்பு 44 சதவீதம். ஆகவே பல முயற்சிக்குப் பின் வந்த 6-ல் அறிவு எவ்வளவு, திரும்பத் திரும்ப எழுதியது எவ்வளவு என்று எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. பாஸ் ஆனவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. விடை அவருக்கு மட்டுமே தெரியும்.

விளிம்பில் ஒரு கேள்வி எங்கே போகிறது?

கோட்டுக்கு அருகில் நிற்பவருக்கு ஒவ்வொரு கேள்வியும் தங்கம். அது எப்படிக் கைநழுவிப் போகிறது என்பதற்கு ஓர் உதாரணம். நிதிக் கணிதத் தாளில் பலர் பயன்படுத்துவது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிஏ 2 பிளஸ் கால்குலேட்டர். ஆண்டுதோறும் 10,000 வீதம் பத்து ஆண்டு கிடைக்கும் தொகையின் இன்றைய மதிப்பு என்ன, வட்டி 8 சதவீதம் என்று ஒரு கேள்வி. பணம் ஆண்டு முடிவில் வந்தால் விடை 67,101. ஆண்டுத் தொடக்கத்தில் வந்தால் 72,469. கால்குலேட்டரில் இதற்கு ஒரு மாற்றுப் பொத்தான் உண்டு. தொடக்க முறைக்கு மாற்றினால் திரையின் மூலையில் 'பிஜிஎன்' என்று பொடி எழுத்தில் தெரியும். முடிவு முறைக்கு எந்த அடையாளமும் கிடையாது. ஏழாவது கேள்விக்காகத் தொடக்க முறைக்கு மாற்றியவர், திருப்பி மாற்ற மறந்தால் எட்டாவது கேள்விக்குத் தப்பான விடை வரும். அந்தத் தப்பான விடையும் ஐந்தில் ஒன்றாகத் தாளிலேயே உட்கார்ந்திருக்கும். கேள்வி தயாரிப்பவர்களுக்கு எங்கே வழுக்கும் என்று தெரியும். விடை பொருந்திவிட்டதே என்று நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

ஊகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 18 கேள்விகள் உறுதியாகத் தெரியும், மீதி 12 தெரியாது, பாஸ் ஆக இன்னும் 3 வேண்டும் என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் 12-ல் குறைந்தது மூன்று சரியாக அமைய 44 சதவீத வாய்ப்பு. ஆனால் ஒவ்வொன்றிலும் நிச்சயம் இருக்க முடியாத இரண்டு விடைகளை மட்டும் அடித்துவிட்டு, மீதி மூன்றில் ஒன்றைக் குறித்தால் அது 82 சதவீதமாக உயரும். நிகழ்தகவு 1-ஐத் தாண்டிய விடை, மாறுபாடு எதிர்மறையாக வந்த விடை, கொடுத்த பணத்தைவிடக் கூடுதலாக வந்த இன்றைய மதிப்பு — இவற்றை அடித்துவிடக் கணக்கை முழுக்கப் போட வேண்டாம். பாதி தெரிந்தவருக்கும் எதுவும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் மதிப்பெண்ணாக மாறுகிறது. குறைக்கும் மதிப்பெண் இல்லாத தேர்வில் ஒரு கேள்வியையும் காலியாக விடுவது முட்டாள்தனம் என்பதும் இதிலிருந்தே தெரியும்.

எழுத்துத் தேர்வில் விளிம்பு வேறு மாதிரி

பிரிட்டிஷ் முறையிலும், அதை ஒட்டிய இந்திய முறையிலும் விடைகளை எழுதிக் காட்ட வேண்டும். இறுதி விடை தப்பினாலும் சரியான படிகளுக்கு மதிப்பெண் உண்டு. சிஎம்1, சிஎஸ்1 போன்ற பாடங்களில் எழுத்துத் தாளோடு, எக்செல் அல்லது ஆர் மென்பொருளில் செய்யும் தாளும் உண்டு. தேறாதவர்களை எஃப்ஏ, எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று பிரிப்பார்கள். எஃப்ஏ என்றால் கோட்டை நெருங்கிவிட்டவர். பிரிட்டிஷ் சங்கத்தில் விடைத்தாளை இரண்டு பேர் திருத்துகிறார்கள். கோட்டுக்கு அருகே வரும் தாள்களை மூத்த தேர்வாளர் மறுபடி எடுத்துப் பார்ப்பார். 80 வாங்கியவர் தாளைவிடக் கோட்டில் நின்றவர் தாளை அதிகம் பேர் அக்கறையாகப் படித்திருப்பார்கள்.

இங்கே தோல்வியின் விலையும் கூடுதல். அமெரிக்காவின் தொடக்கத் தாள்களை ஆண்டுக்குப் பல முறை எழுதலாம். இந்திய, பிரிட்டிஷ் தேர்வுகள் ஆண்டுக்கு இரண்டு முறைதான். தவறினால் ஆறு மாதம் போகும். அதற்குள் படித்ததில் பாதி மறந்திருக்கும்.

வேலை கொடுப்பவர் என்ன பார்க்கிறார்?

ரெஸ்யூமேயில் எத்தனை தாள் முடித்திருக்கிறார் என்பதைத்தான் பார்ப்பார்கள். 6-ஆ 9-ஆ என்று கேட்பது அபூர்வம். அமெரிக்காவில் பல நிறுவனங்கள் ஒவ்வொரு தாளுக்கும் சம்பளத்தை ஏற்றுகின்றன. அந்த உயர்வும் 6-க்கும் 10-க்கும் ஒன்றுதான். தவிர, தேர்வுகளோடு தகுதி முடிவதில்லை. தொழில் ஒழுக்கப் பயிற்சி, பணி அனுபவம் எல்லாம் சேர வேண்டும். வேலையில் மூன்று மணி நேரத்தில் தனியாக உட்கார்ந்து யாரும் பிரீமியம் நிர்ணயிப்பதில்லை. ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்ப்பார்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்த 6 பின்தொடர்ந்து வரும். நிகழ்தகவில் தட்டுத் தடுமாறித் தேறியவர், ஆயுள் காப்பீட்டுக் கணிதத்துக்குப் போகும்போது அதே நிகழ்தகவு வேறு உடையில் வந்து நிற்கும். மரண விகித அட்டவணையில் எதிர்பார்ப்பு மதிப்பு தெரியாமல் ஓரடி நகர முடியாது. பாஸ் ஆகிவிட்டது என்பதற்காகத் தெரியாத பாடம் தெரிந்ததாகிவிடாது.

எப்படித் திட்டமிடுவது?

அமெரிக்கத் தேர்வர்களிடையே வழக்கத்தில் உள்ள கணக்கு: தேர்வு எத்தனை மணி நேரமோ, மணிக்கு 100 மணி நேரம் படிக்க வேண்டும். 'பி' தாளுக்கு 300 மணி. இதில் கொஞ்சம் குறைத்து, 6 வந்தால் போதும் என்று நினைப்பதில்தான் வழுக்கல் தொடங்குகிறது. மாதிரித் தேர்வுகளில் சராசரியாக எவ்வளவு வருகிறது என்பதைப் பாருங்கள். நேரக் கட்டுப்பாட்டோடு, புத்தகம் மூடி வைத்து எழுதியதை மட்டும் கணக்கில் சேருங்கள். சொசைட்டி ஆஃப் ஆக்சுவரீஸ் தன் இணையதளத்தில் இலவசமாகத் தரும் மாதிரிக் கேள்விகள் இதற்குப் போதுமான அளவு இருக்கின்றன. சராசரி 21 என்றால், மேலே பார்த்தபடி உங்கள் வாய்ப்பு 59 சதவீதம். 24-ஐத் தொடும்வரை படியுங்கள். அந்தக் கூடுதல் மூன்று கேள்விக்கு ஆகும் நேரம், ஃபெயில் ஆகி மறுபடி எல்லாவற்றையும் படிக்க ஆகும் நேரத்தைவிடக் கண்டிப்பாகக் குறைவு.

அப்படிப் படித்துப் போயும் அன்றைக்கு வந்தது 6 என்றால் கவலையை விடுங்கள். அது முழுப் பாஸ். அடுத்த தாளைத் திறக்கும் முன், எந்த அத்தியாயக் கேள்விகளில் ஊகம் செய்து தப்பினீர்கள் என்று நினைவிருக்கும்போதே ஒரு காகிதத்தில் எழுதி, அந்த அத்தியாயங்களை மட்டும் ஒரு வாரம் திரும்பப் படித்துவிடுங்கள். 24-க்குப் படித்து 21-ல் தேறியவர் தன் வேலையைச் சரியாகச் செய்தவர். 21-க்கே படித்து 21-ல் தேறியவருக்கு அன்றைக்கு நாணயம் சரியான பக்கம் விழுந்தது. இருவருக்கும் சான்றிதழில் ஒரே வரிதான் இருக்கும். அடுத்த தாளுக்கு முதலாமவர் மாதிரிப் படியுங்கள்.